போலீஸ் கூட்டிப் போனால் முதலில் மணியைக் குறியுங்கள்

"சும்மா ஒரு விசாரணை, காலையில அனுப்பிருவோம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனாங்க" என்று கன்னியாகுமரி மாவட்டத்தின் தக்கலையிலிருந்தோ குளச்சலிலிருந்தோ யாராவது அழைத்தால், நாங்கள் முதலில் கேட்பது "எத்தனை மணிக்கு?" என்பதைத்தான். என்ன வழக்கு என்பதெல்லாம் அப்புறம்.

சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் எவருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு. அந்த நடைமுறையில் ஒரு குடும்பம் இறுகப் பிடித்துக்கொள்ளக்கூடிய கயிறு 22ஆம் பிரிவில் இருக்கிறது: பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும். நம் மாவட்டத்தில் பயணத்தைக் காரணம் சொல்ல வழியில்லை. நாகர்கோவில், இரணியல், பத்மநாபபுரம், குழித்துறை, பூதப்பாண்டி என்று நீதிமன்றங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை என்றாலும் நடுவரின் வீட்டில் ஆஜர்படுத்தலாம்.

சிக்கல் வருவது கணக்கு எங்கே தொடங்குகிறது என்பதில். முந்தின நாள் இரவு பிடித்தவரை மறுநாள் பிற்பகல் கைது செய்ததாகத் தாளில் காட்டினால் 24 மணி நேரம் கச்சிதமாகப் பொருந்திவிடும். அதை உடைக்கக் குடும்பத்தின் கையில் அன்றைக்கே உண்டான ஆதாரம் வேண்டும். வண்டி எண், வந்தவர்கள் சீருடையில் இருந்தார்களா, பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதை உடனே எழுதிவையுங்கள். தெருமுனைக் கடையில் கேமரா இருந்தால் பதிவை அன்றே வாங்குங்கள். சில நாட்களில் புதிய பதிவு பழையதன் மேல் ஏறிவிடும்.

முன்பெல்லாம் பிடித்த நேரத்தை அன்றே பதிவாக்க அதிகாரிகளுக்குத் தந்தி அடிப்பார்கள். 2013இல் தந்தி நின்றது. இப்போது மின்னஞ்சல்தான் அந்த வேலையைச் செய்கிறது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் தலைமை நீதித்துறை நடுவருக்கும் நான்கே வரி: இன்னார், இந்த நாள், இந்த மணி, இந்த இடத்திலிருந்து, இந்த நிலையத்தார் அழைத்துச் சென்றார்கள், இதுவரை காரணம் சொல்லவில்லை. அதையே ஸ்பீடு போஸ்டிலும் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். திட்டோ வர்ணனையோ வேண்டாம்.

நிலையத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். கைதா, விசாரணையா என்று நேராகக் கேளுங்கள். சாட்சி விசாரணை என்றால் எழுத்தில் அழைப்பாணை தர வேண்டும். பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த, 60 வயதைத் தாண்டிய ஆண்களையும் அதற்காக நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது. கைது என்றால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்) 36ஆம் பிரிவுப்படி கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தினர் ஒருவரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். பதற்றத்தில் நேரத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். நேரம் தவறாக இருந்தால், உண்மையான நேரத்தைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். எழுத விடவில்லையென்றால் கையெழுத்தே போடாதீர்கள். கைதுக்கான காரணத்தைச் சொல்லாவிட்டால் கைதே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

நடுவர் முன் நிற்கும்போது கைதானவரே வாய் திறந்து சொல்ல வேண்டியவை இரண்டு: எப்போது பிடித்தார்கள், அடித்தார்களா. பயந்து "ஒண்ணுமில்ல சார்" என்றுவிட்டால் பிறகு மீட்பது கடினம். காயம் இருந்தால் உடம்பில் எங்கே என்று காட்டி, மருத்துவப் பரிசோதனை கேட்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் இலவசச் சட்ட உதவி எண்ணான 15100க்கு அழைக்கலாம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

ஆள் எங்கே என்றே தெரியாவிட்டாலோ, 24 மணி நேரம் கடந்தும் நடுவர் முன் நிறுத்தாவிட்டாலோ ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கோரும் மனு. உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான் நமக்கு. தாயோ மனைவியோ நண்பரோ மனுதாரராகலாம். மின்னஞ்சல் நகலும் தபால் ரசீதும் இணைப்பாகப் போக வேண்டும். அவை இல்லாத மனு மெலிந்துபோகும். மனு விசாரணைக்கு வருமுன் நடுவர் காவலில் வைக்க உத்தரவிட்டுவிட்டால் (ரிமாண்ட்), காவல் சட்டபூர்வமாகிவிட்டதென்று பெரும்பாலும் மனு முடித்துவைக்கப்படும். அதைத் தோல்வியென்று நினைக்காதீர்கள், ஆள் உயிரோடு நீதிமன்றக் கணக்கில் வந்துவிட்டார். கேரள எல்லையான களியக்காவிளைப் பக்கம் என்றால் வந்தவர்கள் கேரளப் போலீஸாகவும் இருக்கலாம். இங்குள்ள நிலையங்களிலேயே தேடி ஒரு நாளை இழக்காமல் எல்லைக்கு அப்பால் உள்ள பாறசாலை வரை விசாரியுங்கள். பிடித்தது இந்த மாவட்டத்தில் என்பதால் மதுரையிலேயே மனுப் போடலாம்.

கடைசியாக, நிலையத்தின் கேமரா பதிவு. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், அதை 18 மாதம், முடியாவிட்டால் ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அதே ஆண்டு ஜூனில் தந்தையும் மகனும் காவலில் சித்திரவதைக்குள்ளாகி இறந்த சாத்தான்குளத்தில், பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தன. ஆகவே பதிவை அழிக்காமல் வைக்கக் கோரும் கடிதம் முதல் வாரத்திலேயே, தேதியும் மணியும் குறிப்பிட்டு, கண்காணிப்பாளருக்குப் போய்விட வேண்டும்.