மூன்று தாளில் மூன்று இனம்: எங்கள் மணிக்கு டிஎன்ஏ சோதனை எடுத்த அனுபவம்

போன மாதம் புது அபார்ட்மெண்டுக்குக் குடிவந்துவிட்டோம். எங்கள் நாய் மணியும் எங்களோடுதான் இருக்கிறான். அவனும் இருக்கிறான் என்று எழுத ஏழு வாரம் அலைய வேண்டியிருந்தது. கலப்பின நாயை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் வாடகை வீடு தேடுகிறவர்களில் ஒருவருக்காவது உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

மூன்று வருடம் முன்பு டெக்சஸ் மாநிலத்தில் டாலஸ் பக்கம் ஒரு நாய்க் காப்பகத்திலிருந்து அவனைத் தத்தெடுத்தோம். அது ஒரே மத்தியானத்தில் முடிந்த வேலை. கூண்டு அட்டையில் ‘லாப்ரடார் மிக்ஸ்’ என்று போட்டிருந்தது, நாங்களும் நம்பினோம். பழுப்பு உடம்பில் புலி மாதிரி கறுப்பு வரிகள், அகலமான மண்டை, மார்பில் வெள்ளைத் திட்டு, நாக்கில் இரண்டு கறுப்புப் புள்ளி. தெருவில் பார்க்கிறவர்கள் ஆளுக்கொரு இனம் சொல்வார்கள். நாக்குப் புள்ளியைப் பார்த்து, நாக்கே கறுப்பாக இருக்கும் ‘சௌ சௌ’ இனம் என்று அடித்துச் சொன்னவரும் உண்டு.

சிக்கல் வீடு மாறும்போது வந்தது. புது இடத்தின் லீசிங் ஆபீஸில், அதாவது வீடுகளை வாடகைக்கு விடும் அலுவலகத்தில், தடை செய்த இனங்களின் பட்டியல் ஒன்றை நீட்டினார்கள். பிட்புல், ஸ்டாஃபர்ட்ஷயர் டெரியர், ராட்வைலர், சௌ, அகிடா என்று போகிறது. டெக்சஸ் சட்டப்படி ஊர் நிர்வாகமோ கவுண்டி என்ற மாவட்ட நிர்வாகமோ இனத்தை வைத்து நாய்க்குத் தடை போட முடியாது. ஆனால் அந்தச் சட்டம் தனியார் வீட்டு உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது. இது தெரியாமல் நான் சட்டம் பேசி, அந்த ஊழியரின் முகம் இறுகியதுதான் மிச்சம்.

தடுப்பூசிச் சான்றிதழ் கேட்டார். கொடுத்தேன். இனம் என்ற இடத்தில் ‘பிட்புல் மிக்ஸ்’ என்று இருந்தது! மூன்று வருடமாக என் கோப்பில் இருந்த தாள், ஒரு நாள்கூட அந்த வரியை நான் படித்ததில்லை. முதல் தடவை போனபோது கிளினிக் வரவேற்பறையில் யாரோ மணியைப் பார்த்துத் தோன்றியதைத் தட்டியிருக்கிறார்கள். ஊர் நிர்வாகத்தில் மணிக்குச் செய்த பதிவிலும் அதைப் பார்த்தே எழுதியிருந்தார்கள். தத்தெடுத்த தாளில் லாப்ரடார், ஊசித் தாளில் பிட்புல். “இதில் எது உண்மை?” என்றார் ஊழியர். என்னிடம் பதில் இல்லை. தயவுசெய்து இன்றைக்கே உங்கள் நாயின் எல்லாத் தாள்களையும் எடுத்து இனம் என்ற வரியைப் பாருங்கள்.

அதன் பிறகு இரண்டு வீண் அலைச்சல். வேலைக்கு லீவு போட்டுவிட்டு 40 மைல் ஓட்டிக் காப்பகத்துக்குப் போனேன், ‘லாப்ரடார் மிக்ஸ்’ என்று ஒரு கடிதம் வாங்கலாம் என்று. “அட்டையில் எழுதுவது எங்கள் ஊகம்தான், உறுதியளித்துக் கடிதம் தர முடியாது” என்று கையை விரித்தார்கள். மறுநாள் கிளினிக். ஒரு டாக்டர் மணியின் தாடையைத் தடவிப் பார்த்து “பாக்ஸர் கலப்பாக இருக்கலாம்” என்றார். பக்கத்து அறையிலிருந்து எட்டிப்பார்த்த இன்னொருவர் “எனக்குப் பிட்புல் மாதிரி தெரிகிறது” என்றார். கையெழுத்துப் போட்ட சான்றிதழைத் திருத்த ஆதாரம் வேண்டுமாம். எழுதும்போது எந்த ஆதாரமும் கேட்காமல்தானே எழுதினார்கள்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்று ராத்திரி அம்மாவிடம் போனில் சொன்னேன். “நாய்க்குமா அங்கே ஜாதி சர்டிபிகேட் கேட்கிறாங்க?” என்றார். திருநெல்வேலியில் எங்கள் வீட்டு வாசலில் வளர்ந்ததெல்லாம் நாட்டு நாய்கள். என்ன இனம் என்று யாரும் கேட்டதில்லை.

தூக்கம் வராமல் படித்ததில் ஒன்று தெளிவானது. கண்ணால் பார்த்து இனம் சொல்வதை நம்பவே முடியாது. ஃபுளோரிடாவில் 4 காப்பகங்களில் 120 நாய்களை 16 பணியாளர்களிடம் காட்டி ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களில் 4 பேர் கால்நடை மருத்துவர்கள். எது பிட்புல் வகை என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து ஒத்துப்போகவில்லை, டிஎன்ஏ முடிவோடும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. இதற்கெல்லாம் வெகு காலம் முன்பே மெய்ன் மாநிலத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்ற ஆய்வாளர்கள் பசென்ஜியையும் காக்கர் ஸ்பானியலையும் கலந்து வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். பேரக்குட்டிகளில் பல, இரண்டு இனத்தின் சாயலும் இல்லாமல் பிறந்தன. ரோமம் நீளமா, குட்டையா, சுருட்டையா என்பதைப் பெரும்பாலும் 3 மரபணுக்களே முடிவு செய்கின்றன என்று 2009இல் கண்டறிந்தார்கள். நாய்க்கு 39 ஜோடி குரோமோசோம். அத்தனையில் எங்கோ சில இடங்கள் காட்டும் தோற்றத்தை வைத்து முழு வம்சத்தையும் எப்படிச் சொல்வது?

சரி, டிஎன்ஏ சோதனைதான் வழி என்று முடிவு செய்தோம். கிட்டத்தட்ட நூறு டாலரிலிருந்து இருநூறு டாலர் வரை இருக்கிறது. பெட்டி வந்ததும் பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறம் தேய்த்து, மூடி, தபாலில் போட்டாகிவிட்டது. இரண்டரை வாரம் கழித்து மின்னஞ்சல்: மாதிரியில் போதுமான டிஎன்ஏ இல்லை, மீண்டும் அனுப்புங்கள். தப்பு என் அவசரத்தில் நடந்தது. சாப்பிட்டு அரை மணி நேரமாவது ஆக வேண்டும் என்று போட்டிருந்தும், மணி தயிர்சாதம் தின்று பத்து நிமிடத்தில் எடுத்தேன். பத்து விநாடிகூடத் தேய்க்கவில்லை. இரண்டாவது பெட்டிக்குக் காசு வாங்கவில்லை, ஆனால் நாட்கள் போய்விட்டனவே. பழைய வீட்டில் கூடுதல் வாடகை கொடுத்து ஒரு மாதம் நீட்டித்தோம்.

இரண்டாவது முறை காலை வெறும் வயிற்றில், தண்ணீரும் கொடுக்காமல் எடுத்தேன். என் கணவர் மணியின் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள, நான் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்கத் தேய்த்தேன். பஞ்சு நன்றாக எச்சிலில் ஊற வேண்டும். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அது வாய் வைத்த பொம்மை, கிண்ணம் எதையும் அதற்கு முன்பு கொடுக்காதீர்கள்.

காத்திருந்த நாட்களில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம், லீசிங் ஆபீஸ் மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பியது. “சோதனை முடிவில் பல இனங்கள் வந்தால் எதைக் கணக்கில் எடுப்பீர்கள்? அதிக சதவீதம் உள்ளதையா, ஒரு சதவீதம் இருந்தாலுமா?” என்று கேட்டேன். “முதன்மை இனத்தை” என்று ஒரு வரியில் பதில் வந்தது.

மூன்றாவது வாரம் முடிவு வந்தது. பாக்ஸர் 31 சதவீதம், லாப்ரடார் 24, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் 14, அமெரிக்கன் பிட்புல் டெரியர் 13. மீதி 18 சதவீதத்தைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆய்வகம் நாயின் டிஎன்ஏவைத் தன்னிடம் உள்ள இன மாதிரிகளோடு துண்டு துண்டாக ஒப்பிட்டுத்தான் சொல்கிறது, தலைமுறை பின்னால் போகப் போகத் துண்டுகள் சிறுத்துவிடுகின்றன. அதனால் ஒற்றை இலக்க எண்களை ரொம்ப நம்ப வேண்டாம். 13 சதவீதம் என்றால் ஏறக்குறைய எட்டுக் கொள்ளுப் பாட்டன் பாட்டிகளில் ஒருவர். சௌ இல்லவே இல்லை. நாக்கில் புள்ளி எத்தனையோ இனங்களுக்கு வருமாம்.

மகிழ்ச்சியோடு தாளை எடுத்துக்கொண்டு போனேன். அந்த ஊழியர் நேராக 13இல் விரலை வைத்து, “பிட்புல் இருக்கிறதே” என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. போனை எடுத்து மேலாளரின் மின்னஞ்சலைக் காட்டினேன். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, இரண்டு நாள் டைம் வேண்டும் என்றார். அந்த இரண்டு நாளில் நான் இன்னொன்றும் அனுப்பினேன். 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து வந்த ஆய்வு அது. நாய்க்கு நாய் நடத்தை மாறுவதில் சுமார் 9 சதவீதத்துக்குத்தான் இனம் காரணம் என்கிறது. கூடவே பழைய வீட்டு உரிமையாளரிடமிருந்து, மூன்று வருடத்தில் மணி மேல் ஒரு புகாரும் இல்லை என்ற கடிதம். எது வேலை செய்தது என்று சொல்லத் தெரியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சரி என்று பதில் வந்தது. சமையலறையில் நின்று அழுதுவிட்டேன்.

சோதனைக்குக் கொடுத்த காசு எதற்குப் பயன்பட்டது என்று கேட்டால், நான் வீட்டைச் சொல்ல மாட்டேன். முடிவின் கடைசிப் பக்கத்தில், எம்டிஆர்1 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மாறியிருப்பதாக இருந்தது. அது ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் வழியாக வந்திருக்க வேண்டும். கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற மேய்ச்சல் நாய்களில் இது நிறைய உண்டு. சில மருந்துகள் மூளைக்குள் புகாமல் வெளியே தள்ளும் புரதத்தை இந்த மரபணுதான் உண்டாக்குகிறது. அது பழுதானால் சில மருந்துகள் நாய்க்கு விஷமாகிவிடும். இரண்டு பிரதியும் மாறிய நாய்க்குத்தான் ஆபத்து அதிகம், ஒரு பிரதி மாறினாலும் கவனம் வேண்டும். இதயப் புழுவுக்கு மாதாமாதம் கொடுக்கும் சிறிய அளவு ஐவர்மெக்டின் பிரச்சினை இல்லை, சொறிக்குக் கொடுக்கும் பெரிய அளவுதான் ஆபத்து. சில மயக்க மருந்துகளின் அளவைக் குறைக்க வேண்டும். மனிதர்கள் பேதிக்குப் போடும் லோபெரமைடும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. போன தீபாவளிக்கு மணிக்கு வயிறு கெட்டபோது, அந்த மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்கலாமா என்று கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு பதறுகிறது.

போன வாரம் ரேபிஸ் ஊசி போட வேண்டியிருந்தது. சோதனை முடிவைக் கொடுத்து, மருந்து எச்சரிக்கையை மணியின் கோப்பில் முதல் வரியாகச் சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார்கள். புது சான்றிதழில் ‘பாக்ஸர் மிக்ஸ்’ என்று இருக்கிறது. கவுண்டரிலேயே நின்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.