யார் கணக்கில் எழுதுவது?

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் தலைமையாசிரியரான நான் ஓர் இளம் ஆசிரியையின் வழியை மறித்தேன் என்று கதை கட்டுவார்கள். எங்கள் பள்ளிக் கணக்கு ஆசிரியை அவர்; அரசு உயர் பதவிகளுக்கான குரூப் 1 முதல்நிலைத் தேர்வில் தேறியிருந்தார். துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். பச்சை மைப் பேனாவைத் திறந்த பிறகு என் வாய் சும்மா இருக்கவில்லை.

"பக்கத்துப் புதுவையில் பாரதிதாசன் 1909இல் வாத்தியாராகச் சேர்ந்தவர், 1946இல் ஓய்வு பெறும்வரை வாத்தியார்தான். அவர் எழுத்துக்கு அது குறுக்கே வந்ததா?" என்றேன். தமிழாசிரியன் புத்தி.

விரலில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளை முந்தானையில் துடைத்தபடியே சொன்னார்: "பாரதியார் மதுரை சேதுபதி பள்ளியில் 1904இல் சில மாதம்தான் இருந்தார், சார். பத்திரிகை வேலை கிடைத்ததும் சென்னைக்குப் போய்விட்டார். அவரை யாரும் குறை சொல்லவில்லையே."

கணக்கு டீச்சருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று எரிச்சல்தான் வந்தது. அவர் வகுப்புக்குத் திரும்பிய பிறகு பதில் தோன்றியது: பாரதியார் அங்கே தற்காலிக ஆசிரியர், நீங்கள் நிரந்தரம். சொல்லியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? போகிற மனது போகத்தான் செய்யும். ஆசிரியர் பணி அறப்பணி என்று மேடைதோறும் முழங்குகிற நானே குரூப் 2 கைகொடுக்காததால் இங்கே வந்தவன். அது அவருக்குத் தெரியாது. வேலை பிறகு பிடித்துப்போயிற்று என்பது வேறு கதை. அவருக்கும் பிடித்துத்தான் இருந்தது. அவர் பிதாகரஸ் தேற்றம் நடத்தினால் கடைசி பெஞ்சுப் பையனும் அளவுகோலைத் தேடுவான்.

அடுத்த ஆண்டு அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு அவருக்குப் பணி ஆணை வந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் ஒருவரைத் தற்காலிகமாகப் போட்டோம். பாடத்தை முடித்தார், அவ்வளவுதான். கடலூர் முதுநகரிலிருந்து வருகிற மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் வைக்க வழியில்லை. கணக்கில் சறுக்கியவர்களை யார் கணக்கில் எழுதுவது? போனவர் கணக்கிலா, காலியிடத்தை நிரப்பாதவர்கள் கணக்கிலா? அவரைச் சொல்வது நியாயமில்லை என்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் அவர் பெயர்தான் முதலில் வாயில் வருகிறது.

ஆசிரியர் அறையில், அவர் துணை ஆட்சியரானால் ஒரு கோட்டத்துக்கே நல்லது செய்வார் என்கிறார்கள். செய்யட்டும். அந்த நாற்காலிக்கு ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள். என் பத்தாம் வகுப்புக்குத்தான் இன்னும் ஆள் வரவில்லை.