ஃபோரி நேரு: புடாபெஸ்ட்டிலிருந்து கசௌலி வரை

1908 டிசம்பரில் ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் ஒரு யூதக் குடும்பத்தில் மக்தோல்னா ஃப்ரீட்மனாகப் பிறந்து, ஷோபா நேருவாக 2017 ஏப்ரலில் இமாச்சலப் பிரதேசத்தின் கசௌலியில் மறைந்த ஃபோரி நேருவைப் பற்றி நம்மில் பலருக்கு அதிகம் தெரியாது. யூத மாணவர் சேர்க்கைக்கு ஹங்கேரி 1920-லேயே வரம்பு விதித்திருந்ததால் வெளிநாடு சென்று படித்த அவர், லண்டனில் ஜவாஹர்லால் நேருவின் உறவினரான பி.கே. நேருவைச் சந்தித்து, 1935-இல் அவரை மணந்து, இந்தியப் பெண்ணாகவே சேலை கட்டி வாழ்ந்தார்.

கணவர் தூதராகவும் ஆளுநராகவும் இருந்தார் என்பதை ஒரு வரியில் கடந்துவிடலாம். பிரிவினையின்போது எல்லாவற்றையும் இழந்து டெல்லிக்கு வந்த பெண்களின் தையல், பின்னல் வேலைப்பாடுகளை விற்க அகதிகள் கைவினைக் கடை ஒன்று உருவாக ஃபோரி உழைத்ததுதான் என் பார்வையில் பெரிது; இன்றைய மத்திய குடிசைத் தொழில் விற்பனையகத்துக்கு வித்திட்ட முயற்சிகளில் அதுவும் ஒன்று. நெருக்கடி நிலையின் கட்டாயக் கருத்தடை பற்றி இந்திரா காந்தியிடமே நேரில் முறையிடும் துணிவும் (உறவுக்காரர் என்ற உரிமையும்தான்) அவருக்கு இருந்தது.

தொண்ணூறு வயதில், மகனின் ஆக்ஸ்ஃபோர்டு நண்பரான வரலாற்றாசிரியர் மார்ட்டின் கில்பர்ட்டிடம் தம் யூத மக்களின் வரலாற்றைச் சொல்லும்படி கேட்டார். ஃபோரி யூதர் என்பதையே அதுவரை அறியாதிருந்த கில்பர்ட், அந்த வரலாற்றைக் கடிதம் கடிதமாக எழுதி அனுப்பினார்.