வெட்டுப்பட்ட வால் நுனி

நான் எடுத்த மீன்கொத்திப் படமொன்று, கீழ்மூலையில் இருந்த என் பெயர் நீக்கப்பட்டு, ஒரு செய்தித் தளத்தில் வேறொருவர் பெயரோடு வெளிவந்திருந்தது. எழுதிக் கேட்டபோது, படம் என்னுடையது என்பதற்கு என்ன சான்று என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அன்று கோபம் வந்தது. இன்று அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது.

பதிவு செய்தால்தான் பதிப்புரிமை கிடைக்கும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். (இதைக் காப்புரிமை என்று எழுதுவோரும் உண்டு, கண்டுபிடிப்புக்கான பேட்டண்டையும் அதே சொல்லால் குறிப்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன்.) பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமாக 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கை 1908இல் திருத்தப்பட்டபோது, வெளிநாட்டுப் படைப்பாளியின் உரிமைக்குப் பதிவு போன்ற எந்த நிபந்தனையையும் உறுப்பு நாடுகள் விதிக்கக்கூடாது என்றாகிவிட்டது. ஆயினும் பதிவு வீண் என்று சொல்லமாட்டேன். அமெரிக்காவில் உருவான படைப்புக்காக அங்கே வழக்குத் தொடர வேண்டுமானால் முதலில் பதிவுக்கு விண்ணப்பித்து முடிவு பெற்றிருக்க வேண்டும். காக்கப்படுவது வெளிப்பாடே, கருத்தன்று: அலகில் மீனோடு அமர்ந்த பறவையை யார் வேண்டுமானாலும் படமெடுக்கலாம், என் படத்தைத்தான் எடுத்துக்கொள்ள முடியாது.

எனக்குக் கைகொடுத்தது கேமராவின் ரா கோப்பு, அதாவது கேமரா பதிவுசெய்த, திருத்தப்படாத மூலக் கோப்பு. வெளியிடுமுன் நான் வெட்டியிருந்த வால் நுனியும், அதன் பின்னால் சாய்ந்து நின்ற காய்ந்த நாணல் தண்டும் அதில் அப்படியே இருந்தன. வெட்டிய படத்தை மட்டும் வைத்திருப்பவரால் அவற்றைக் காட்ட முடியாது. அடுத்தடுத்து எடுத்த நான்கு படங்களையும் சேர்த்து அனுப்பினேன். கடிதம் எழுதுமுன்பே அந்தப் பக்கத்தை முகவரியும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்ததும் நல்லதாயிற்று.

தளம் அதன்பின் மௌனமானதால், அதற்கு இடமளித்த ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பினேன். இணையத்தில் பதிப்புரிமை மீறலைக் கையாளும் அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ (டிஜிட்டல் மில்லேனியம் காப்பிரைட் ஆக்ட்) சட்டப்படி, முறையான நோட்டீஸ் கிடைத்ததும் விரைந்து நீக்கினால்தான் அத்தகைய நிறுவனத்துக்குச் சட்டப் பாதுகாப்பு நீடிக்கும். எது என் படைப்பு, மீறல் எந்த முகவரியில் உள்ளது, என்னைத் தொடர்புகொள்வது எப்படி என்பவற்றோடு, அந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று நல்லெண்ணத்துடன் நம்புவதாகவும், கூறியவை சரியானவை என்றும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். தெரிந்தே பொய் சொன்னால் இழப்பீடு நம் தலையில் விழும். ஆகவே விமர்சனத்துக்காக மேற்கோள் காட்டியவர்மீது இதை ஏவுவது தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

மூன்றாம் நாள் படம் நீங்கியது. பயன்படுத்தியதற்குக் கட்டணம் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இதுவரை பதில் இல்லை.