விசைத்தறிக் கூடங்களில் நான் கற்ற பண்புசார் ஆய்வுமுறை

சமூகப்பணியில் முதுகலை முடிக்கும்வரை ஆய்வு என்றால் எனக்கு வினாத்தாளும் ஐந்து புள்ளி அளவுகோலும் எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளும்தான். முனைவர் பட்டத்துக்குப் பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளின் விசைத்தறித் தொழிலாளர்கள் உரிமையாளர்களிடம் வாங்கும் முன்பணத்தைத் தலைப்பாக எடுத்தபோது அந்தக் கருவிகள் போதவில்லை. ஒருவர் எவ்வளவு வாங்கியிருக்கிறார் என்பதை வினாத்தாள் சொல்லிவிடும். வாங்கிய பிறகு உரிமையாளரிடம் அவர் எப்படிப் பேசுகிறார், வேறு தறிக்கூடத்துக்கு மாற நினைத்தால் யாரிடம் முதலில் சொல்கிறார் என்பதையெல்லாம் உட்கார்ந்து பேசித்தான் அறிய முடியும். இப்படி எண்களுக்குப் பதிலாகப் பேச்சையும் நடத்தையையும் ஆராய்வதே பண்புசார் ஆய்வு.

முதல் நேர்காணலை எழுத்தாக்கி, அதன் பகுதிகளுக்குப் பொருள் சுட்டும் குறிகள் இடும் கோடிங் வேலையை முடிக்காமல் இரண்டாவது நேர்காணலுக்குப் போகக்கூடாது என்பது என் வழிகாட்டி விதித்த ஒரே நிபந்தனை. தரவு திரட்டுவதும் பகுப்பாய்வதும் சேர்ந்தே நடக்கவேண்டும் என்று தரவிலிருந்தே கோட்பாட்டை உருவாக்கும் முறையை முன்வைத்த சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967-இல் வலியுறுத்தியதன் நடைமுறை வடிவம் அது. எல்லா நேர்காணல்களையும் முடித்துவிட்டு ஒலிப்பதிவுகளோடு மொத்தமாக உட்காருகிறவர்களுக்கு, கேட்கவேண்டியிருந்த கேள்வி அப்போதுதான் தோன்றும். ஆனால் அதற்குள் களம் கைவிட்டுப் போயிருக்கும்.

வரிவரியாகக் கோடிங் செய்வதை, அதே மரபில் பின்னர் வந்த சமூகவியலாளர் கேத்தி சார்மாஸின் முறைப்படி கற்றேன். ஒவ்வொரு வரியிலும் பேசுகிறவர் என்ன செய்கிறார் என்று பார்த்து, அதைச் செயலாகவே குறிக்கவேண்டும். பல ஆண்டுகளாகத் தறி ஓட்டும் அம்மா ஒருவர் இப்படிச் சொன்னார்: "முன்பணம் வாங்காத ஆளு மேல ஓனருக்கு என்ன பிடிப்பு இருக்குது கண்ணு? ஆர்டர் கொறஞ்சா மொதல்ல அந்த ஆளத்தான் நிறுத்திப்போடுவாரு. பணம் குடுத்திருந்தா நம்மளத் தேடி ஊட்டுக்கே வருவாரு." இதற்குக் 'கடன்சுமை' என்று தலைப்புப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். வரிவரியாகப் பார்த்தபோது, 'வேலையை உறுதிசெய்துகொள்ளுதல்', 'உரிமையாளரைத் தன்னோடு பிணைத்தல்', 'தேடி வரவைத்தல்' என்ற குறிகள் கிடைத்தன. கடன்பட்டவர் கட்டுண்டவர் என்று மட்டும் எண்ணியிருந்த ஆய்வின் போக்கை அந்த மூன்று குறிகளும் மாற்றின. அன்றிரவே அதுபற்றி நீண்ட குறிப்பு ஒன்று எழுதினேன். அடுத்த நேர்காணலின் கேள்விகளும், அடுத்து யாரைச் சந்திக்கவேண்டும் என்ற முடிவும் அதிலிருந்துதான் வந்தன. முன்பணம் வாங்க மறுத்தவர்கள், வாங்கியதை அடைத்துவிட்டு வெளியேறியவர்கள், சில தறிகளை மட்டும் வைத்திருக்கும் சிறு உரிமையாளர்கள் என்று தேடிப் போனேன். கோட்பாட்டு மாதிரியெடுப்பு என்று பாடத்தில் படித்தது இப்படித்தான் நடைமுறையில் விளங்கியது. குமாரபாளையத்தில் களப்பணி செய்த மானுடவியலாளர் கீர்ட் டி நேவ், இதே முன்பணத்தில் கட்டுண்டிருப்பதும் எதிர்த்து நிற்பதும் பின்னிக் கிடப்பதை 1999-இல் எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுரையை வழிகாட்டி இதற்குப் பிறகே என்னிடம் கொடுத்தார். முன்பே படித்திருந்தால் அந்த அம்மாவின் பேச்சில் அவருடைய முடிவுகளைத்தான் தேடியிருப்பேன்.

தறி ஓடும் இடத்தில் ஒலிப்பதிவு பயன்படாது, அங்கே ஆட்கள் வாயசைவிலும் கையசைவிலும்தான் பேசிக்கொள்கிறார்கள். அதனால் கூடத்துக்குள் கண்ணால் பார்த்ததைக் குறிப்பாக எழுதுவதும், ஷிப்ட் முடிந்தபின் வீட்டுத் திண்ணையில் பேச்சைப் பதிவதும் என்று வகுத்துக்கொண்டேன். இசைவுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்பதையும் விட்டுவிட்டேன். முன்பணத்துக்காகப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்களிடம் இன்னொரு தாளை நீட்டுவது அச்சமூட்டுவதாகும் என்று நெறிமுறைக் குழுவுக்கு விளக்கி, வாய்மொழி இசைவைப் பதிவுசெய்ய ஒப்புதல் பெற்றேன்.

நான் கேள்வி கேட்பதற்கு முன்பு என்னைத்தான் கேட்டார்கள்: "எந்த ஊரு அம்முணி, யாரு ஊட்டுப் புள்ள?" நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதிலிலேயே சாதியும் உறவும் சொத்தும் தெரிந்துவிடும். என் பெரியப்பா வீட்டில் தறி ஓடுவதை நான் மறைக்கவில்லை. அதைக் கேட்டதும் சிலர் உரிமையாளர்களைப் பற்றி மரியாதையாக மட்டும் பேசினார்கள், சிலர் என் வழியாக அவர்கள் காதுக்குப் போகட்டும் என்றே பேசினார்கள். யாரிடம் எந்தப் பேச்சு எதனால் வந்தது என்பதையும் எழுதிவைக்காத குறிப்பேடு பண்புசார் ஆய்வுக்கு உதவாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆய்வுக் குழுவில் எதிர்பார்த்த கேள்வியே வந்தது: மாதிரி அளவு எத்தனை, அது போதுமா? கானா, நைஜீரியா நாடுகளில் எடுத்த 60 நேர்காணல்களை ஆராய்ந்து, கருப்பொருள்களில் பெரும்பாலானவை முதல் 12 நேர்காணல்களிலேயே வந்துவிட்டதாகக் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் ஆகியோர் 2006-இல் காட்டிய கட்டுரையைப் பலர் கேடயமாகப் பிடிக்கிறார்கள். அது ஓரளவு ஒத்த பின்னணி உடையவர்களிடம் ஒரே வகைக் கேள்விகளைக் கேட்டுக் கிடைத்த முடிவு. தொழிலாளர், உரிமையாளர், வெளியேறியவர் என்று மூன்று தரப்பைச் சந்தித்த என் ஆய்வுக்கு அந்த எண்ணைக் கடன்வாங்க முடியாது. பதிலாக, கோடிங்கின்போது எழுதிவந்த என் நினைவுக் குறிப்புகளைத் தேதிவரிசையில் கொண்டுபோய், எந்தக் கட்டத்துக்குப் பிறகு புதிய குறிகள் வருவது நின்றது என்பதைக் காட்டினேன். குழு அதை ஏற்றது.

எழுத்தாக்கம், கோடிங், குறிப்பு மூன்றையும் தமிழிலேயே வைத்துக்கொண்டேன். ஆய்வேட்டில் மேற்கோளாக வரும் பகுதிகளை மட்டும் ஆங்கிலமாக்கி, பேசியவர்களின் கொங்குத் தமிழ் மூலத்தைப் பின்னிணைப்பில் சேர்த்திருக்கிறேன்.