கையை எங்கே வைப்பது

டிசம்பர் 3, செவ்வாய்

மயிலாப்பூரில் இருக்கும் என் ஸ்டூடியோவுக்கு இன்று ஒரு பெரியவர் மகளோடு வந்தார். அடுத்த மாதம் சதாபிஷேகம். கூடத்தில் மாட்ட ஒரு படம் வேண்டும். உட்கார்ந்ததும் இரண்டு கைகளையும் அங்கவஸ்திரத்துக்குள் மறைத்துக்கொண்டார். "முகம் மட்டும் போதும் தம்பி, விரலெல்லாம் கோணல்."

எனக்கு மனம் ஒப்பவில்லை. முழங்கால்மேல் கைகளை வைக்கச் சொல்லி எடுத்தேன், கெடுத்தேன். 50 மி.மீ. லென்ஸோடு மிக அருகில் நின்றதால், முகத்தைவிடக் கேமராவுக்கு நெருக்கமாக இருந்த கைகள் வாழைச் சீப்பாகப் பெருத்துவிட்டன. வெள்ளை வேட்டி எதிரொளித்த வெளிச்சம் வேறு. பார்வை முகத்துக்கே போகவில்லை. அடுத்த வாரம் வரச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

எழும்பூர் அருங்காட்சியகம். சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் கைகளை மட்டும் பார்ப்பது என்று தீர்மானித்துப் போனேன். அம்மனின் வலக்கை கடக முத்திரையில், பூச்செருக இடம்விட்டு வளைந்திருக்கிறது. இடக்கை பசுவின் வால்போல் தொடையோரம் தொங்குகிறது. எந்த விரலும் பக்கத்து விரலைப்போல் வளையவில்லை! மணிக்கட்டில் ஒரு சிறு திருப்பம்; அதிலேயே கைக்கு உயிர் வந்துவிடுகிறது. அரைமணி நேரம் நோட்டில் வரைந்துகொண்டிருந்தேன். காவலர் அருகில் வந்து நின்று, தன் விரல்களையும் மெல்ல மடக்கிப் பார்த்தார்.

வீட்டுக் கண்ணாடியில் சோதித்தேன். புறங்கையை நேராகக் காட்டினால் கிட்டத்தட்ட முகத்தளவு இடம் பிடிக்கிறது. சுண்டுவிரல் பக்கமாகத் திருப்பினால் மெலிந்துவிடுகிறது.

டிசம்பர் 10, செவ்வாய்

85 மி.மீ. லென்ஸை மாட்டிக் கதவுவரை பின்வாங்கினேன். கை பெருப்பதும் சிறுப்பதும் தூரத்தின் வேலை; 85 இருந்தால் அவ்வளவு தள்ளி நின்றும் படச்சட்டம் நிறையும். மடிமேல் விழும் ஒளியைக் கறுப்பு அட்டையால் தடுத்தேன். கண்ணும் விரலும் சேர்ந்து தெளிவாக விழ, லென்ஸின் துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கினேன்.

பிறகு, "என்ன வேலை பார்த்தீர்கள் ஐயா?" என்றேன். அச்சகத்தில் எழுத்துக் கோத்தவராம். அவர் இடக்கை தானாக எழுந்தது: எழுத்துகளை வரியாக அடுக்கும் ஸ்டிக் என்ற சிறு தட்டை, இல்லாததைப் பிடிப்பதுபோல் பிடித்து, கட்டைவிரல் கடைசி எழுத்தை அழுத்திக்கொண்டு நின்றது. வலக்கை எழுத்துப் பெட்டியின் அறை அறையாக எழுத்துப் பொறுக்கியது. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகும், தும்பிக்கை வைத்த பழைய 'லை' இருந்த அறைக்கே கை பல நாள் போனதாம். சொல்லும்போது முகம் மலர்ந்தது. எட்டுப் படங்கள் எடுத்தேன்.

டிசம்பர் 12, வியாழன்

விரல்களைக் கணினியில் நேராக்க முடியுமா என்று மகள் கேட்டார். முடியும், செய்ய மாட்டேன் என்றேன். பெரியவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"கட்டைவிரல் சரியான இடத்தில் இருக்கிறது" என்றார்.