ஒரு முத்திரையில் நான்கு குடும்பங்கள்

ஸ்காட்லாந்தின் காலோவே பகுதியைச் சேர்ந்த டெர்வர்கில்லா சீமாட்டியின் வம்சாவளியைச் சில வாரங்களாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். 13ஆம் நூற்றாண்டில் அங்கே ஞானஸ்நானப் பதிவேடுகள் கிடையாது என்பதால், நிலக்கொடைப் பத்திரங்களும் அவற்றில் தொங்கும் மெழுகு முத்திரைகளுமே துணை. 1282இல் ஆக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரிக்கு அவர் வழங்கிய சட்டவிதிகளின் முத்திரையைப் படத்தில் பார்த்தபோது மனம் நிறைந்துபோனது. நின்ற கோலத்தில் இருக்கும் அவர், ஒரு கையில் மறைந்த கணவர் ஜான் டி பேலியலின் கேடயத்தையும், மறு கையில் தந்தை ஆலனின் சிங்கம் பொறித்த கேடயத்தையும் ஏந்தியிருக்கிறார். கீழே, கதிர்க்கட்டுகள் பொறித்த கேடயம் தாய்வழிப் பாட்டியின் செஸ்டர் குடும்பத்தையும், மற்றொன்று தாய்வழிப் பாட்டனாரான ஹண்டிங்டன் பிரபு டேவிட்டையும் குறிக்கின்றன. உள்ளங்கைக்குள் அடங்கும் மெழுகில் ஒரு பெண் தன் குலத்தையே எழுதிவைத்திருக்கிறார்!

ஸ்காட்லாந்து அரசர் வில்லியமின் தம்பியான அந்தப் பாட்டனார் வழிதான் வரலாற்றைத் திருப்பியது. டேவிட்டின் மூத்த மகள் மார்கரெட்டின் மகள் டெர்வர்கில்லா. இரண்டாவது மகள் இசபெல்லாவின் மகன் ராபர்ட் புரூஸ். அரச மரபு அற்றுப்போனபோது, தாம் ஒரு தலைமுறை நெருங்கியவர் என்று புரூஸ் வாதிட்டும், மூத்தவள் வழி என்ற முறையில் 1292இல் டெர்வர்கில்லாவின் மகன் ஜானுக்கே அரியணை கிடைத்தது. அதைக் காண அந்தத் தாய் இல்லை, 1290இலேயே இறந்துவிட்டார்.